நான்கு நிமிட மௌனம்

மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டதுமே தபால்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. தேநீர்க் குவளையை அப்படியே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"பொம்பள. நடுவுல ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்குறாங்க. கனமா ஏதோ தூக்கிட்டு வர்றாங்க மாப்பிள்ளை!"

"கனமெல்லாம் இல்ல மச்சான். வரலாமா, திரும்பிடலாமான்னு யோசிச்சு நிக்கிறாங்க," என்றார் ஒலிக்காரர், தலையைத் திருப்பாமலே.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த பெண்மணியின் கையில் ஒரு சின்னக் கைப்பை மட்டும்தான் இருந்தது. தபால்காரர் அசடு வழிந்தபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். உறையைத் தொட்டாலே உள்ளே நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிவிடுவேன் என்பார். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். தங்கையைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை ஒருவர் ஊரெல்லாம் 'ஒலிக்காரர்' என்று பெயரெடுத்திருக்கும்போது வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பானேன் என்று, தினமும் பத்து மணிக்கு இந்த மாடி அறைக்கு வந்துவிடுவார்.

ஒலிக்காரர் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்தவர். சுருள் நாடா, கேசட், கைப்பேசிப் பதிவு, எதில் சிக்கல் இருந்தாலும் ஜனங்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மிரட்டல் அழைப்பில் பேசியது யார் என்று இரண்டு முறை காவல் துறைக்கே சொல்லியிருக்கிறார். அதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. தபால்காரர் சொல்லாமல் இருப்பதில்லை.

வந்தவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வைத்தார். அதற்குள்ளிருந்து ஒரு பழைய கேசட் வழுக்கி மேசைமேல் விழுந்தது.

"என் அண்ணன் பொண்ணு கல்யாணம் சார், வர்ற ஞாயித்துக்கிழமை. பத்திரிகைய கடையில குடுத்துட்டு அவரு உள்ள கூட வராம போயிட்டாரு. பிரிச்சுப் பாத்தா இந்தக் கேசட். ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. இத எதுக்கு அனுப்பினாரு? 'நான் பண்ணது தப்புதான்'னு அனுப்பினாரா, 'இப்பவாவது சோதிச்சுப் பாத்துக்கோ'ன்னு அனுப்பினாரா? அது தெரிஞ்சாத்தான் நான் கல்யாணத்துக்குப் போக முடியும். மூணு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு கிடையாது."

"இதுல யாரோட குரல் இருக்கு?"

"எங்க அப்பா." விரல் நுனியால் கேசட்டைத் தொட்டார். "அவரோட குரல்னு இந்த உலகத்துல மிச்சம் இருக்கறது இந்த முப்பது நிமிஷம்தான் சார். அதுல எனக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது. இருந்தத அண்ணன் அழிச்சுட்டான்."

தபால்காரர் தன் குறிப்பேட்டைத் திறந்துகொண்டார். ஒலிக்காரர் கேசட்டைத் தொடவில்லை. "ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க," என்றார்.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய கதை அது. அப்பா கடல் கடந்து ஒரு குளிர் நாட்டில் கப்பல் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். கடிதம் எழுதினால் கை ஓடாது. வாயைத் திறந்தால் மூடமாட்டார். அதனால் கடிதத்துக்குப் பதில் கேசட். அங்கே ஒரு ரெக்கார்டர், இங்கே ஒன்று. ஒரே கேசட்தான் போய்ப் போய் வந்தது. முதல் பக்கம் முழுக்க அப்பா பேசி அனுப்புவார். வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டு, பின்பக்கத்தில் பதில் பேசி அனுப்புவார்கள். அவர் அதைக் கேட்டுவிட்டு, முதல் பக்கத்தில் பழையதன் மேலேயே புதிதாகப் பேசுவார். ஒவ்வொரு முறையும் முந்தையது அழிந்து போகும்.

"எத்தனையோ கேசட்டுக்குச் சமமா பேசியிருப்பாரு. மிஞ்சினது கடைசியா வந்தது மட்டும்தான். இது வந்து மூணாவது வாரம், நாங்க பதில் பேசறதுக்குள்ள தந்தி வந்துச்சு."

தபால்காரருக்குத் தன் பழைய வேலை நினைவுக்கு வந்தது. அந்த நாளில் வெளிநாட்டுப் பொட்டலங்களில் பாதி கேசட்தான். குலுக்கினால் உள்ளே கலகலக்கும். இதே கேசட் எத்தனை முறை தன் கை வழியாகப் போயிற்றோ என்று நினைத்துக்கொண்டார்.

"பேசறதுக்கு ஒரு வரிசை உண்டு சார்," என்று அந்தப் பெண்மணி தொடர்ந்தார். "முதல்ல அம்மாவுக்கு, அப்புறம் அண்ணனுக்கு, கடைசியா எனக்கு. அண்ணன் பேனா, வாட்சுன்னு பொருளா கேப்பான். நான் சத்தம் கேப்பேன். எட்டு வயசு எனக்கு. அந்த ஊரு ரயில் எப்படிக் கூவும், கடல் பறவை எப்படிக் கத்தும்னு கேப்பேன். அவரு இன்னதுன்னு சொல்லாம வெறும் சத்தத்த மட்டும் பதிஞ்சு அனுப்புவாரு. என்னன்னு நான் கண்டுபிடிச்சு பதில்ல சொல்லணும். அது எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு விளையாட்டு. சத்தம் முடிஞ்சதும் 'பாப்பா'ன்னு கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசுவாரு."

"கடைசிக் கேசட்டுல?"

"அம்மாகிட்ட பேசினாரு, அண்ணன்கிட்ட பேசினாரு. அதோட நாலு நிமிஷம் ஒண்ணுமே இல்ல. வெறும் இரைச்சல். அப்புறம் அவசர அவசரமா, 'டேப் தீரப் போவுது, எல்லாரும் உடம்பப் பாத்துக்குங்க'ன்னு முடிஞ்சுடும்."

"அண்ணன் மேல எதுக்குச் சந்தேகம்?"

"மிஷினத் தொட அவனுக்கு மட்டும்தான் உரிமை. அன்னிக்குத் தபால வாங்கினது அவன். நானும் அம்மாவும் வர்றதுக்குள்ள தனியா போட்டுக் கேட்டிருக்கான். அதுக்கு முந்தின நாள்தான் நான் அவன் பேனாவ உடைச்சேன். 'உன் பேச்ச எல்லாம் அழிச்சுடறேன் பாரு'ன்னு கத்தினான். அம்மா இருந்த வரைக்கும் நான் வாயத் தொறக்கல. மூணு வருஷத்துக்கு முன்னால அம்மா போனப்ப, வீட்டுச் சாமானப் பிரிக்கற அன்னிக்குத்தான் என்னையும் மீறிக் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'நான் வேணும்னு செய்யல'ன்னாரு. அவ்வளவுதான். எழுந்து போயிட்டாரு."

தபால்காரரின் பேனா துள்ளியது. வேணும்னு செய்யல! அப்படியென்றால் செய்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்கும்போது இன்னும் என்ன விசாரணை என்று மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வழக்கம்போல் முகத்தில் பிடியே கொடுக்கவில்லை.

"இதோட பின்பக்கத்துல என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"நாங்க அதுக்கு முன்னாடி பேசி அனுப்பின பதில். அத யாரும் போட்டதில்ல சார். அப்பா குரலக் கேக்கவே நேரம் போதாது. நம்ம குரல நாமே போட்டு யார் கேப்பா?"

"ரெண்டு நாள் குடுங்க," என்றார் ஒலிக்காரர்.

மறுநாள் காலை வேலை ஆரம்பமாயிற்று. ஒலிக்காரர் ஒரு பழைய கேசட் பிளேயரை எடுத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, புதிதாக ஆறு பேட்டரிகளைப் போட்டார்.

"பக்கத்துலயே பிளக் இருக்கு. பேட்டரிய ஏன் வீணாக்கறீங்க?" என்றார் தபால்காரர்.

"கரண்ட்ல ஓடற மிஷின் தன்னோட ரீங்காரத்தையும் சேத்துக் குடுத்துடும். அவங்க வீட்டு ரீங்காரத்தத் தேடும்போது என் வீட்டுது எதுக்கு?"

கேசட்டைப் போடுமுன் தபால்காரர் அதை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதன் முதுகில் இரண்டு மூலையிலும் சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருந்தன. அவற்றை உடைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் பதிய முடியாது. இரண்டும் உடையாமல் இருந்தன. "பூட்டாத வீடு! யார் வேணாலும் உள்ள பூந்திருக்கலாம்," என்று குறித்துக்கொண்டார்.

கேசட் ஓட ஓட, கணினித் திரையில் இடமிருந்து வலமாக ஒரு படம் விரிந்தது. கறுப்பு வெளியில் பச்சையும் மஞ்சளுமாகக் கொடிகள் படர்வதுபோல் இருந்தது.

"இது என்ன மாப்பிள்ளை, ஈரச் சுவத்துல பாசி பிடிச்ச மாதிரி?"

"ஸ்பெக்ட்ரோகிராம். வாயில நுழையலன்னா ஒலிப்படம்னு வெச்சுக்குங்க. இடமிருந்து வலம் நேரம் போகுது. கீழ தடிச்ச சத்தம், மேல போகப் போகக் கீச்சு சத்தம். எங்க வெளிச்சமோ அங்க சத்தம் பலம். எங்க இருட்டோ அங்க இல்ல. காது ஒரு நேரத்துல ஒண்ணத்தான் கவனிக்கும். கண்ணு மொத்தத்தையும் பாக்கும்."

ஒலிபெருக்கியில் ஒரு ஆணின் குரல் பேசிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கரகரப்பு, நடுநடுவே சிரிப்பு. "...இங்க குளிர் ஆரம்பிச்சுடுச்சு. ஹீட்டர் போட்டுக்கிட்டு ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கேன்..." இது மனைவிக்கு. "...நீ கேட்ட வாட்ச் வாங்கிட்டேன்டா. கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வழியெல்லாம் வெள்ளையா மூடிக்கிச்சு, முழங்கால் வரைக்கும்..." இது மகனுக்கு. அந்தக் குரல் கொடிகொடியாகத் திரையில் நெளிந்து போயிற்று. முகமே தெரியாத மனிதரின் சிரிப்பு திரையில் ஏணிப்படிபோல் ஏறி இறங்குவதைப் பார்த்துத் தபால்காரரும் தன்னையறியாமல் சிரித்தார்.

பிறகு கொடிகள் நின்றுபோயின. நான்கு நிமிடம் கிட்டத்தட்ட வெறும் இருட்டு.

"பாத்தீங்களா! ஆள் கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!" தபால்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இருட்டு ஆரம்பிக்கற இடத்துல நெட்டா ஒரு கோடு, முடியற இடத்துலயும் ஒண்ணு. ரெக்கார்ட் பட்டன அமுக்கினப்ப ஒண்ணு, நிறுத்தினப்ப ஒண்ணு. நடுவுல இருந்த பேச்ச மொத்தமா வழிச்சு எடுத்துட்டான்!"

"கீழ பாருங்க மச்சான்."

திரையின் அடியில், முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை மெல்லிய கம்பிபோல் ஒரு கிடைக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுக்கு அடியிலும் இருட்டுக்கு அடியிலும் அது அறுபடவே இல்லை. அந்த இரண்டு நெட்டுக்கோடுகளுக்கு அடியிலும் சாதாரணமாகக் கடந்து போயிற்று. இருட்டுக்குள் போனபின் இன்னும் பிரகாசமாகவும் ஆகியிருந்தது.

"அதுதான் ரீங்காரமா?"

"ஆமா. இப்ப கேசட்டத் திருப்பிப் போடுங்க. அவங்க வீட்டு மிஷின் எங்க கோடு போட்டிருக்குன்னு பாக்கணும்."

தபால்காரர் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் ஒரு குடும்பமே இரைந்தது. அம்மா, விடலைப் பையன், ஒரு சின்னப் பெண். ஒலிக்காரர் கோட்டைத்தான் அளந்துகொண்டிருந்தார். திடீரென்று கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். அந்தச் சின்னப் பெண் பேசி முடிக்கும்வரை அசையவில்லை. பிறகு முதல் பக்கத்தின் இருட்டைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இருட்டுக்குள் சில இடங்களில் துடைப்பம் இழுத்ததுபோல் மங்கலான தீற்றல்கள் தெரிந்தன. கடைசி நிமிடத்தில் பொடிப் பொடியாக நிறையப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன.

"தீற்றல் வந்து... யாரோ கத்தி தீட்டறான். அந்தப் புள்ளி டைப்ரைட்டர்," என்று தபால்காரர் தன் பங்குக்குச் சொல்லி வைத்தார்.

ஒலிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை மாப்பிள்ளை ஏன் துடைக்கிறார் என்று தபால்காரருக்குப் புரியவில்லை. பிறகு ஒலிக்காரரே கல்யாணப் பத்திரிகையில் இருந்த அண்ணனின் எண்ணுக்கு அழைத்தார்.

"உங்க தங்கச்சி ஒரு கேசட் குடுத்திருக்காங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வர முடியுமா? அழிஞ்சுடுச்சுன்னு நீங்க ரெண்டு பேரும் நினைக்கிற இடத்துல சத்தம் இருக்கு."

மறுநாள் பத்தே முக்காலுக்கே மருந்துக்கடைத் தங்கை வந்துவிட்டார். பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். ஐம்பதைத் தொடும் வயது. கல்யாண வேலையில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தங்கை இருந்த பக்கம் பார்க்காமல், கதவோரத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். பரீட்சை முடிவு கேட்கவந்த பையன்போல் இருந்தது அவர் முகம்.

"முதல்ல ஒரு கேள்வி," என்றார் ஒலிக்காரர். "'வேணும்னு செய்யல'ன்னு தங்கச்சிகிட்ட சொன்னீங்களாமே. அப்ப தெரியாம செஞ்சீங்களா?"

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கே தெரியாது சார். அதான் உண்மை. அன்னிக்கு அவசரத்துல போட்டேன். அந்த மிஷின்ல பாட்டு பட்டனுக்குப் பக்கத்துலயே பதியற செகப்பு பட்டன். அப்பா குரலக் கேக்கற சந்தோஷத்துல எத அமுக்கினேன்னு ஞாபகமில்ல. என்கிட்ட பேசி முடிச்சார், அப்புறம் ஒண்ணுமே வரல. செகப்பையும் சேத்து அமுக்கிட்டேனோன்னு அப்பவே சந்தேகம் வந்துடுச்சு. பதினஞ்சு வயசு. அம்மாகிட்ட சொல்லப் பயம். மூணு வாரத்துல தந்தி வந்தப்புறம் எப்படிச் சொல்றது? முப்பத்து நாலு வருஷமா இந்தக் கேசட்ட நான்தான் வெச்சிருக்கேன். தந்திக்கப்புறம் ஒரு தடவை கூட போட்டதில்ல. பொண்ணு கல்யாணத்துக்கு ஒரே ஒரு அத்தை. அவ வரலன்னா... அதான் குடுத்துடலாம், என்ன தண்டனையோ குடுக்கட்டும்னு அனுப்பினேன்."

தங்கை முதல்முறையாக அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எந்தப் பட்டனையும் அமுக்கல," என்றார் ஒலிக்காரர் நிதானமாக. "மச்சான், படத்தப் போடுங்க."

தபால்காரர் திரையைத் திருப்பி வைத்தார்.

"நம்ம ஊரு கரண்ட் வினாடிக்கு அம்பது தடவை அசையும். இங்க பிளக்ல மாட்டின மிஷின் எதுவா இருந்தாலும் பதிவுக்கு அடியில அம்பதுல ஒரு கோடு போட்டுடும். உங்க பின்பக்கத்துல இதோ, அம்பது. உங்க அப்பா இருந்த நாட்டுல கரண்ட் அறுபது. இதோ அவர் பக்கம், அறுபது. இப்ப அந்த நாலு நிமிஷத்தப் பாருங்க. அறுபது. வீட்டுல யாராவது அழிச்சிருந்தா, அறுபது அறுந்து அம்பது வந்திருக்கணும். வரல. அந்த மௌனம் இங்க உண்டானதில்ல. அங்கேர்ந்து வந்தது."

"கேசட் வேகமா ஓடினா அம்பது அறுபதா தெரியாதா?" என்று தபால்காரர் குறுக்கே புகுந்தார். இந்தக் கேள்வியை அவர் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தார்.

"நல்ல கேள்வி. ஒரே மிஷின்ல ரெண்டு பக்கமும் ஓட்டினோம். அந்த அளவுக்கு வேகம் கூடியிருந்தா அப்பா குரல் கீச்சுன்னு பொம்மை மாதிரி கேட்டிருக்கும். கேட்டுச்சா?"

"இல்ல," என்று தபால்காரர் ஒப்புக்கொண்டார். இருந்தாலும் நல்ல கேள்வி என்று சொன்னதில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அடுத்தது. இருட்டுல கோடு இன்னும் பளிச்சுன்னு ஆகுது. அந்தக் காலத்து ரெக்கார்டர் சுத்தி அமைதியானா தானா காதக் கூர்மையாக்கிக்கும். அப்ப அதோட சொந்த ரீங்காரமும் பெருசாகும். அதாவது, மைக் உயிரோட இருந்திருக்கு. யாரோ அத எங்கயோ நீட்டிக்கிட்டு இருந்திருக்காங்க."

"எங்க?" என்றார் தங்கை.

"இந்த நெட்டுக்கோடு பட்டன் இல்ல. பட்டனா இருந்தா அந்த இடத்துல அறுபதுக் கோடு துண்டாகும். ஆகல. இது அறைக்குள்ள ஏதோ தட்டின சத்தம். அவர் பேசும்போது பின்னால இன்னொரு மெல்லிய கோடு இருக்கு பாருங்க, அது ஹீட்டரோட விசிறி. இந்தத் தட்டலுக்கப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமா மங்கிப் போகுது. அடுத்த தட்டலுக்கப்புறம் திரும்பி வருது. ஹீட்டர நிறுத்தல. மைக் அத விட்டு விலகிப் போயிருக்கு. தட்டினது ஜன்னல் தாழ்ப்பாள். மைக்க ஜன்னலுக்கு வெளிய நீட்டியிருக்காரு."

"எதுக்கு?"

"அது படத்துல இல்ல. அத ஒரு சாட்சி சொல்லணும். அந்தச் சாட்சிய முப்பத்து நாலு வருஷமா யாரும் கூப்பிடல. மச்சான், பின்பக்கம்."

பழைய பிளேயர் கடகடத்தது. அம்மாவின் குரல் போயிற்று. அண்ணன், வாட்சின் பட்டை கறுப்பாக இருக்கவேண்டும் என்று சொல்லி முடித்தான். பிறகு மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டதுபோல் ஒரு சின்னப் பெண்:

"அப்பா, போன தடவ அனுப்பினது கப்பல் சங்கு. கண்டுபிடிச்சுட்டேன். அப்பா, அங்க வானத்துலேர்ந்து வெள்ளையா பனி விழும்னு சொன்னீங்கள்ல, அது விழும்போது என்ன சத்தம் வரும்? மழை மாதிரி சடசடன்னா? அடுத்த கேசட்டுல அத பதிஞ்சு அனுப்புங்க. நெறைய நேரம் பதியுங்க. அப்பதான் நான் நல்லா கேப்பேன்." பின்னாலிருந்து ஒரு விடலைக் குரல் அதட்டியது: "போதும்டீ குட்டி, டேப் தீருது!"

தபால்காரர் நிறுத்தினார். தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் கேட்டீங்கம்மா," என்றார் ஒலிக்காரர். "ஒவ்வொரு கேசட்டுலயும் ஒரு சத்தம் கேப்பீங்க. இதக் கேட்டது மறந்து போச்சு. பனி விழுந்தா சத்தம் வராது. அது அவருக்குத் தெரியாம இருக்குமா? மகள் கேட்டுட்டா, அவ்வளவுதான். நெறைய நேரம்னு கேட்டீங்க. உங்களுக்குன்னு மிச்சம் இருந்த டேப் மொத்தத்தையும் அதுக்கே குடுத்துட்டாரு. அதான் கடைசியில பேச இடமில்லாம போச்சு."

"அந்தத் தீற்றல்?" என்றார் தபால்காரர் மெதுவாக. கத்தி தீட்டியதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

"தெருவுல யாரோ பனிய வாரித் தள்றாங்க. நாலு நிமிஷத்துல வந்த ஒரே வெளிச் சத்தம் அதுதான்."

"அந்தப் புள்ளிங்க?"

ஒலிக்காரர் திரையில் கடைசி நிமிடத்தைத் தொட்டுக் காட்டினார். "முதல் மூணு நிமிஷம் இல்ல. கடைசி நிமிஷத்துலதான் வருது, போகப் போக நெருக்கமாகுது. மைக் ஜன்னல் சட்டத்துல பட்டுப் பட்டு வர்ற சத்தம் அது. குளிர்ல கை நடுங்குது. இருந்தும் உள்ள இழுக்கல."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதரின் தோள் குலுங்குவதைத் தபால்காரர் பார்க்காததுபோல் பார்த்தார். தனக்கும் கண் கரித்தது. கேசட்டைத் திருப்புகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

"போடட்டுமா?" என்று கேட்டார்.

தங்கை தலையசைத்தார். அண்ணன் எழுந்துவந்து, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், தங்கையின் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தாழ்ப்பாள் தட்டியது. பிறகு இரைச்சல். கீழே தெருவில் ஆரன்கள் கத்திக்கொண்டிருந்தன. அந்த அறைக்குள் நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எங்கோ ஒரு ஊரில் என்றோ பெய்த பனியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி நிமிடத்தில், இப்போது தெரிந்தபின், அந்தப் பொடிச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. டக், டக், டக்டக்.

மறுபடி தாழ்ப்பாள். "டேப் தீரப் போவுது, எல்லாரும் உடம்பப் பாத்துக்குங்க." கேசட் நின்றது.

தங்கை ஒலிபெருக்கியைப் பார்த்து, சின்னப் பெண்போல், "பனிதானேப்பா?" என்றார்.

விளையாட்டில் அவர் சொல்லாமல் விட்டிருந்த ஒரே விடை அது. சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். அண்ணன் அவர் தலையில் கையை வைத்தார்.

"குட்டி, ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வண்டி அனுப்பட்டுமா?"

"வண்டியெல்லாம் வேணாம். நான் சனிக்கிழமையே வந்துடறேன். அண்ணி ஒண்டியா என்ன பண்ணுவாங்க?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அந்தப் பேனாவ நான் வேணும்னு உடைக்கல அண்ணா," என்றார்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார் அண்ணன்.

கிளம்புமுன் தபால்காரர் கேசட்டை வாங்கி, பேனா முனையால் அதன் முதுகிலிருந்த இரண்டு நாக்குகளையும் பட்டென்று உடைத்தார். "இனிமே எவனும் இதுமேல எதையும் பதிய முடியாது," என்று சொல்லி, முத்திரை குத்திய தபாலைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் தங்கையிடம் கொடுத்தார்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். தபால்காரர் கதவருகில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேர்," என்றார். "நடுவுல எங்கயும் நிக்கல."

"இந்தத் தடவை சரியா சொன்னீங்க மச்சான்," என்றார் ஒலிக்காரர். "தேநீர் ஆறுது, குடிங்க."